ஆர்சி (ரேடியோவால் இயக்கும்) ஹெலிகாப்டரைக் கிளப்பும் முன்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

2015 ஜூலை 3. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃப்ரிஸ்கோ என்ற மலை ஊர். மருத்துவமனைத் தளம் ஒன்றிலிருந்து ஏர்பஸ் ஏஎஸ்350 பி3இ ரக ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் எழும்பியது. எழும்பிய கையோடு இடப்பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்திலிருந்த வாகன நிறுத்தத்தில் விழுந்து தீப்பிடித்தது. பைலட் இறந்துபோனார். உடன் சென்ற செவிலியர் இருவருக்கும் பலத்த காயம்.

பைலட் பல்லாண்டு அனுபவம் உள்ளவர். இந்த ரகத்தில் கிளம்பும் முன் ஹைட்ராலிக் சோதனை ஒன்று உண்டு. டெயில் ரோட்டருக்கு (வாலில் சுற்றும் சிறு ரோட்டர்) எண்ணெய் அழுத்தத்தால் துணை செய்யும் ஹைட்ராலிக் சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி போட வேண்டும். அன்றைக்கு மறுபடி போடவில்லை. காலால் மிதிக்கும் பெடல்கள் கனத்துப்போய், டெயிலைப் பிடித்து நிறுத்த முடியாமல் போயிற்று. தரையை விட்டதும் சற்று நேரம் தாழ்வாக நிறுத்தி, எல்லாம் கைக்கு அடங்குகிறதா என்று பார்க்கும் ஹோவர் சோதனையும் நடக்கவில்லை. விசாரித்த என்டிஎஸ்பி (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்) தயாரிப்பாளர் மீதும் குறை சொன்னது: ஹைட்ராலிக் அழுத்தம் திரும்பி வரவில்லை என்பதைப் பைலட்டுக்குப் பளிச்சென்று உணர்த்த அதில் ஏற்பாடு இல்லை.

முக்கால் கிலோ எடையில் ஆர்சி ஹெலிகாப்டர் வாங்கி வைத்திருக்கும் உங்களுக்கு இந்தக் கதை எதற்கு? புதியவர்களுக்குச் சொல்லப்படும் பட்டியல்களில் எல்லாம் "இதைச் சோதி, அதைச் சோதி" என்று இருக்கும். சோதனைக்காக மாற்றியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாயா என்று கேட்பவர்கள் குறைவு. ஃப்ரிஸ்கோவில் சோதனை தொடங்கியது, முடியவில்லை. 2005-ல் கிரீஸில் விழுந்த ஹீலியோஸ் விமானத்திலும் இதே மாதிரிதான். தரையில் பழுது பார்த்தபோது கேபின் அழுத்தக் கட்டுப்பாட்டைக் கைமுறை நிலைக்கு மாற்றினார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள், 121 பேர் போனார்கள். ஆர்சி ஹெலிகாப்டரில் இப்படி மாற்றிவிட்டு மறக்கக்கூடிய இடங்கள் நிறைய. அவற்றை முன்னால் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

விளையாட்டுப் பொருள்தானே என்று இருந்துவிடாதீர்கள். 450 என்ற ரக ஆர்சி ஹெலிகாப்டரின் ரோட்டர் முனைக்கு முனை சுமார் 70 செ.மீ. அது நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால், பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய அளவு ஆர்சி ஹெலிகாப்டர் அடித்து ஆள் இறந்ததும் உண்டு.

எங்கே, எப்போது

புதுச்சேரிக்காரர்கள் முதலில் வரைபடத்தைப் பாருங்கள். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் நகரம் கிட்டத்தட்ட முழுவதும் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாத பகுதி. 2021-ன் டிரோன் விதிகளில் ரோட்டர் வைத்துப் பறக்கும் ஆளில்லா வாகனங்களும் அடங்கும். செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். அதைத் தாண்டிய பச்சை (முன்அனுமதி தேவைப்படாத) மண்டலத்தில் 400 அடி. கடலூர் அந்த 12 கி.மீ.க்கு வெளியே இருக்கிறது, ஆனாலும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள். வி.ஐ.பி. வருகைக்காகத் திடீரென்று தடை போடுவதும் நம் பக்கம் வழக்கம்.

250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை 'மைக்ரோ' வகை. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு பற்றிய விதியையும் படித்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் அகலமாக இருக்கிறதே என்று ஆசை வரும். வேண்டாம். சாயங்காலம் கூட்டம், பட்டம், நாய். காலையில் வலை உலர்த்துகிறவர்கள். அதைவிட மோசம் மணலும் உப்பும். பிளேடு கிளப்பும் மணல் நேராக பேரிங்குக்குள் போகும். நான் சொல்வது அறுவடை முடிந்த சம்பா வயல். பொங்கலுக்குப் பிறகு மழையும் ஓய்ந்து, தரையும் காய்ந்து, தாளடி மெத்தென்று இருக்கும். விழுந்தாலும் சேதம் குறைவு. வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடல்காற்று முன்பகலில் ஏற ஆரம்பிக்கும். விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரைதான் புதியவர்களின் நேரம்.

வீட்டு மேசையில்

வயலில் வைத்து ஸ்க்ரூ தேடாதீர்கள். திருகுகிற, கழற்றுகிற வேலை எல்லாம் முதல் நாள் இரவே முடியட்டும்.

பிளேடை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். வெடிப்பு கண்ணில் படுவதற்கு முன் நகத்தில் தட்டும். பிளேடு போல்ட் எவ்வளவு இறுக்கம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்; பிளேடு தானாகத் தொங்கிவிடக் கூடாது, லேசாக உதறினால் மடங்க வேண்டும். அதுதான் அளவு. ரோட்டர் தலையில் இருக்கும் பால் லிங்குகளை (குண்டின்மேல் மாட்டும் சிறு இணைப்புகள்) ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்று வருவதை மாற்றிவிடுங்கள், நாலு ரூபாய்ப் பொருளுக்காக முழு ஹெலிகாப்டரை இழக்க வேண்டாம். உலோகத்தில் உலோகம் ஏறும் ஸ்க்ரூக்களுக்கு நீல லாக்டைட் ஒரு துளி. டெயில் பெல்ட்டை விரலால் அழுத்தி இழுவை பாருங்கள். நம் கடற்கரையில் உப்புக் காற்று கனெக்டர் பின்களைக் கறுக்கவைத்துவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் உருவித் துடையுங்கள்.

உருவித் துடைக்கிற இந்த வேலையில்தான் முதல் பொறி இருக்கிறது. கைரோவிலிருந்து (ஆட்டத்தை உணர்ந்து சரிக்கட்டும் கருவி) மூன்று சர்வோ (கட்டுப்பாடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) கேபிள்களைக் கழற்றி, இடம் மாற்றிச் செருகிவிட்டால் ஸ்வாஷ்பிளேட் (ரோட்டருக்குக் கீழே சாய்ந்து பிளேடுகளைத் திருப்பும் தட்டு) தாறுமாறாகச் சாயும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பொறி, ஃபெயில்சேஃப் சோதனை. கையில் பிடிக்கும் ரேடியோவின் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். புதிதாக ரிசீவரை இணைத்தபோதும், ரேடியோவில் எதையாவது மாற்றியபோதும் இதைச் சோதிப்பது கட்டாயம். அதற்கு முன் மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் மேசைமேல் பிளேடு சுற்றும். ரேடியோவை அணைத்து, த்ராட்டில் (மோட்டார் வேகம்) சேனல் பூச்சியத்துக்குப் போகிறதா என்று பார்த்ததும் வயர்களைத் திரும்பச் செருக வேண்டும். மூன்றில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். நெயில் பாலிஷ் புள்ளி வைத்து அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

பேட்டரி விஷயம் சுருக்கமாக: முழுதாக ஏறிய லைபோ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். செல்களுக்குள் வித்தியாசம் தெரிந்தாலோ, பொட்டலம் உப்பியிருந்தாலோ அதைப் பறக்கவிடாதீர்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு டீக்கடையில் உட்காராதீர்கள்.

வயலில், வரிசை மாறாமல்

ரேடியோவை முதலில் போடுங்கள். திரையில் மாடல் பெயர் என்ன காட்டுகிறது? ஒரே ரேடியோவில் விமானமும் ஹெலிகாப்டரும் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நேற்று சிமுலேட்டருக்கு வேறு மாடல் வைத்திருந்தால் அதுவே இன்றும் நிற்கும். சர்வோக்கள் எதிர்த்திசையில் ஓடும். பெயர் சரி என்றால் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் போடுங்கள். ஹோல்ட் இருக்கும்வரை மோட்டார் சுற்றாது. ஐடில்-அப் (குச்சி அடியில் இருந்தாலும் ரோட்டரைச் சுற்றவைக்கும்) சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், த்ராட்டில் குச்சி அடியில் இருக்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகுதான் ஹெலிகாப்டரில் பேட்டரியைச் செருகுவது. அணைக்கும்போது தலைகீழ் வரிசை: பேட்டரியை உருவிவிட்டு, அப்புறம் ரேடியோ.

செருகியதும் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த சில நொடி கைரோ தன்னைத் தயார் செய்துகொள்ளும். "அசையாமல் இருக்கிறேன்" என்பதற்கு அது வைத்துக்கொள்ளும் அளவுகோல் இந்த நொடிகளில்தான் பதிகிறது. கனோப்பியை (மூக்கின் மேல்மூடி) மாட்டுகிறேன் என்று அப்போது ஆட்டினால் சில கைரோக்கள் தயாராகவே மாட்டா; சில தப்பான அளவோடு தயாராகி, மேலே போனதும் ஒரு பக்கமாக மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். குனிந்து பாருங்கள்: விளக்கு நிறம் மாறும், பெரும்பாலானவற்றில் ஸ்வாஷ்பிளேட் ஒரு துள்ளு துள்ளிக் காட்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. காற்று ஹெலிகாப்டரை ஆட்டினால் உடம்பால் மறைத்துக்கொண்டு மறுபடி செருகுங்கள்.

இப்போது குச்சிகள். ஹோல்ட் போட்டபடியே கலெக்டிவை, அதாவது உயரத்தை ஏற்றி இறக்கும் குச்சியை, ஏற்றினால் ஸ்வாஷ்பிளேட் சமமாக ஏற வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம், முன்னால் தள்ளினால் முன்னால் சாய வேண்டும். டெயிலுக்கு வலது கொடுத்தால் ஸ்லைடர் (டெயில் பிளேடுகளைத் திருப்ப நகரும் துண்டு) எந்தப் பக்கம் போகிறது என்று மனதில் வையுங்கள்.

வைத்துக்கொண்டது இதற்குத்தான்: ஹெலிகாப்டரைக் கையில் எடுத்து மூக்கைச் சடக்கென்று இடப்பக்கம் திருப்புங்கள். கைரோ அதை எதிர்த்து வலது கொடுக்க வேண்டும், அதாவது ஸ்லைடர் நீங்கள் பார்த்த அதே பக்கம் ஓட வேண்டும். மூக்கை முன்னால் தாழ்த்தினால் ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய வேண்டும். குச்சி எல்லாம் சரியாக இருந்து கைரோ மட்டும் தலைகீழாக இருப்பது உண்டு. அப்போது எழும்பியதும் டெயில் சுழலும், கைரோ அதை நிறுத்துவதற்குப் பதில் இன்னும் தள்ளிவிடும். எந்தக் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. செட்டிங்கைத் தொட்டவர்கள், கைரோவைக் கழற்றி மாட்டியவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது.

அடுத்து ரேஞ்ச் சோதனை. ரேடியோவை ரேஞ்ச் நிலைக்கு மாற்றினால் அதன் சக்தி வேண்டுமென்றே குறையும். கையேடு சொல்லும் தூரம், பொதுவாக முப்பது தப்படி, நடந்துபோய் சர்வோக்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். ஹோல்ட் போட்டே இருக்கட்டும், ஹெலிகாப்டர் பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னால் நல்லது. சரி, சோதனை முடிந்தது. ஆனால் ரேடியோ இன்னும் குறைந்த சக்தியில் இருக்கிறதா? சில ரேடியோக்களில் பட்டனை விட்டதும் முழுச் சக்தி திரும்பும். சிலவற்றில் நேரம் முடிந்து தானாக மாறும். சிலவற்றில் நீங்களே மெனுவை விட்டு வெளியே வர வேண்டும். உங்களுடையது எந்த ரகம் என்று இன்றைக்கே கையேட்டில் பாருங்கள். குறைந்த சக்தியிலேயே பறக்கவிட்டால், பக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். தூரம் போனதும் பிடி விட்டுப்போகும். ஃப்ரிஸ்கோ சுவிட்சுக்கு நம் கையில் இருக்கும் உடன்பிறப்பு இதுதான் என்று சொல்வேன்.

நடுவில் ஆள் வந்தால்

கட்டாயம் வருவார்கள். ஹெலிகாப்டரை வயலில் வைத்த ஐந்தாவது நிமிடம் நாலு பையன்கள் சுற்றி நிற்பார்கள்.

"அண்ணே, இது எவ்ளோ வெல? கேமரா இருக்கா?"

"இருடா தம்பி, எறக்கிட்டு வந்து சொல்றேன். எல்லாரும் அந்த வரப்புக்கு அந்தாண்ட போங்க."

பதில் சொல்லக் கூடாது என்பதில்லை. பதில் சொல்லிவிட்டால், விட்ட இடம் ஞாபகம் இருக்கிறது என்று நம்பித் தொடராமல், வரிசையை முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிடம்தான் கூட ஆகும். போன் வந்தாலும் இதே கணக்கு. வேடிக்கை பார்ப்பவர்களில் கொஞ்சம் பெரிய பையனாகப் பார்த்து, மற்றவர்களைத் தள்ளி நிறுத்தும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு நிம்மதி. ஹெலிகாப்டர் தரை தொட்டதும் பிளேடு நிற்பதற்குள் ஓடி வருவதுதான் பிள்ளைகளின் பழக்கம், அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள்.

வரிசையை ஒரு அட்டையில் எழுதி ரேடியோ பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கு மனப்பாடம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: விமான உலகில் எழுதி வைத்த பட்டியல் பரவியதே 1935 அக்டோபர் 30-ல் போயிங் 299 விழுந்த பிறகுதான். நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாமல் பூட்டிய கட்டுப்பாடுகளை விடுவிக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர்கள் சோதனைப் பைலட்டுகள், கற்றுக்குட்டிகள் இல்லை. அட்டையில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே "திரும்ப வைத்தாயிற்றா" என்று தனி வரி போடுங்கள். "ரேஞ்ச் சோதனை" ஒரு வரி, "ரேஞ்ச் நிலையிலிருந்து வெளியே வந்தாயிற்று" இன்னொரு வரி. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் முதல் பாதியிலேயே டிக் விழுந்துவிடும்.

ஹோவர் சோதனை

எல்லாச் சோதனைகளையும் தாண்டி ஏதோ ஒன்று தப்பியிருந்தால் அதைப் பிடிக்கக் கடைசியாக இருப்பது இதுதான். அவசரமாகப் பறக்கவிடுகிறவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

ஸ்கிட்டின் (ஹெலிகாப்டர் தரையில் ஊன்றும் கால்) கீழே நாலு குச்சியும் பந்தும் வைத்த பயிற்சிச் சட்டத்தைக் கட்டியிருக்கிறீர்கள், சிமுலேட்டரில் சில வாரம் பழகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஹெலிகாப்டரின் மூக்கு காற்றைப் பார்த்தும், டெயில் உங்களைப் பார்த்தும் இருக்கட்டும். இருபது, இருபத்தைந்து அடி பின்னால் நில்லுங்கள். கட்டைவிரல் குச்சியில், சுட்டுவிரல் ஹோல்ட் சுவிட்சின் மேல். ஹோல்டை எடுங்கள், ரோட்டர் முழு வேகத்துக்கு வரட்டும். டெயில் துடுப்பின் ஓரத்தைப் பாருங்கள்: விளிம்பு தெளிவாகத் தெரிந்தால் நல்லது, மங்கலாக இரண்டாகத் தெரிந்தால் அதிர்வு. இறக்கி வைத்துவிட்டுக் காரணம் தேடுங்கள்.

கலெக்டிவை மெல்ல ஏற்றினால் ஸ்கிட் தரையை விடுமா விடாதா என்று ஒரு நிலை வரும். அந்த நிலையில் சில நொடி நில்லுங்கள், உண்மை எல்லாம் அங்கே வெளிவரும். மூக்கு ஒரு பக்கம் திரும்பப் பார்த்தால் டெயிலில் பிரச்சினை. ஒரு ஸ்கிட் மட்டும் எழும்பி மறுபக்கம் சாய்ந்தால் அதைக் குச்சியால் சரிக்கட்டிக்கொண்டே மேலே ஏற்றாதீர்கள். ஊன்றிய ஸ்கிட்டைச் சுற்றிப் புரண்டு பிளேடு தரையில் அடிக்கும். கலெக்டிவை இறக்குங்கள்.

அமைதியாக இருந்தால் மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். தரைக்கு மிக அருகில், ரோட்டர் அகலத்துக்குள் நின்றால் தன் காற்றே திரும்பி வந்து ஆட்டும். அதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். ஹெலிகாப்டர் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தபடி நிற்பதும் கோளாறு அல்ல. பெரும்பாலான ஆர்சி ஹெலிகாப்டர்களில் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். அவற்றில் டெயிலின் தள்ளல் இடப்பக்கம் இழுக்க, அதை ஈடுகட்டத்தான் இந்தச் சாய்வு. இப்போது ஒவ்வொரு குச்சியையும் ஒரு துளி அசையுங்கள்: வலது, இடது, முன், பின், டெயில் இரு பக்கமும். கொடுத்த திசையில், கொடுத்த அளவுக்குப் போய், விட்டதும் நின்றால் பறக்கலாம்.

எந்த இடத்திலாவது டெயில் சுழல ஆரம்பித்தால் ஒரே வழி ஹோல்ட். இரண்டடி உயரத்தில் மோட்டாரை வெட்டினால் ஒரு கியர், ஒரு ஸ்கிட் போகும். காப்பாற்றிப் பார்க்கிறேன் என்று மேலே ஏற்றினால் ஹெலிகாப்டர் எங்கே போய் இறங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. விரலைச் சிமுலேட்டரிலேயே பழக்குங்கள். தினமும் சில தடவை வேண்டுமென்றே ஹோல்ட் அடித்துப் பாருங்கள்.

இறக்கிய பிறகு

ஹோல்ட் போட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகு கிட்டே போங்கள். பேட்டரியை உருவியதும் செல் வோல்ட் பாருங்கள். 3.7-க்குக் கீழே இருந்தால் பறந்த நேரம் அதிகம், டைமரைக் குறையுங்கள். சூடு ஆறாமல் சார்ஜில் போடாதீர்கள். மறுநாள் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 அளவில் வைத்துவிடுங்கள். ஈரமில்லாத துணியால் முழு ஹெலிகாப்டரையும் துடைத்து, டெயில் ஷாஃப்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. அரை முழம் சிவப்பு நாடா வாங்கி வையுங்கள். வீட்டில் மோட்டார் வயரைக் கழற்றினாலும், பால் லிங்க் ஒன்றை எடுத்தாலும், ஒரு சர்வோ ஸ்க்ரூவை மாற்றப் பாதியில் விட்டாலும், அந்த நாடாவை ரோட்டர் தலையில் கட்டிவிடுங்கள். பெரிய விமானங்களிலும் குழாய் மூடிகளில் இப்படிச் சிவப்புப் பட்டை தொங்கும். வேலை முழுதாக முடிந்து, ஸ்வாஷ்பிளேட்டையும் கைரோவையும் மறுபடி சோதித்த பிறகு மட்டுமே அதை அவிழ்க்க வேண்டும். பட்டுத்துணி நாடா வழுக்கி அவிழ்ந்துவிடும், பருத்தியாகப் பாருங்கள்.